மஞ்சள் நோட்டீஸுக்கு முன்...



வேலை பறிபோன ஒரு சகோதரர் தலைகுனிந்தபடி என்னிடம் கேட்டார்: "கடன் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். ஐ.பி. போட்டுவிடலாமா?"

சட்டத்தில் வழி இருக்கிறது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். ஆனால் மனுப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். திவாலானவர் என்று கோர்ட் அறிவித்ததும் உங்கள் சொத்து கோர்ட்டின் பொறுப்புக்குப் போய்விடும். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி போன்றவை மிஞ்சும். வீட்டை அடமானம் பிடித்தவரின் உரிமை அப்படியே நிற்கும். மோசடி செய்து வாங்கிய கடன் ஒழியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களை நம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டாரே, அவர் விடுபடமாட்டார்! நீங்கள் கடனிலிருந்து விடுதலை பெற்ற பிறகும் அவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.

ஆகவே, முதலில் கடனையும் உடைமையையும் ஒளிவுமறைவின்றி எழுதிப் பாருங்கள். ஜாமீன்தாரரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேளுங்கள். விற்று அடைக்க முடிந்தால் அடையுங்கள்.

எதுவும் முடியவில்லையா? வக்கீலைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுவதைவிட, உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பதைவிட, கோர்ட் படியேறுவது ஆயிரம் மடங்கு மேல். அதில் வெட்கப்பட எதுவுமில்லை!