மலாக்கா நகரில் நம் சுவடு



பள்ளிப் பிள்ளைகளை மலாக்கா நகருக்குச் சுற்றுலா அழைத்துப் போவது எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களின் வழக்கம். அப்படிப் போன ஒரு நாளில், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கல் வாயிலின் நிழலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். ஒரு பையன் மட்டும் உட்காராமல், வாயிலின் உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், போர்த்துக்கீசியர் 1511-இல் வந்து இந்தக் கோட்டையைக் கட்டினாங்கன்னு சொல்லிக் கொடுத்தீங்க. மேலே 1670-ன்னு போட்டிருக்கே?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். பின்னால் அதைப் பிடித்துப் பழுது பார்த்த டச்சுக்காரர்கள், தங்கள் கம்பெனியின் முத்திரையையும் 1670 என்ற ஆண்டையும் அதில் பொறித்துவிட்டார்கள் என்று சொன்னோம்.

அவன் விடவில்லை. "அப்போ போர்த்துக்கீசியர் இருந்தாங்க, டச்சுக்காரர் இருந்தாங்க, இங்கிலீஷ்காரர் இருந்தாங்க. நம்ம ஆளுங்க எங்கே சார் இருந்தாங்க?"

இந்த இரண்டாவது கேள்விக்கு நின்ற இடத்தில் நின்று பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதற்கான பதிலைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

மலாக்கா நகரம் ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் தோன்றியது. சுமத்திராவின் பலெம்பாங் அரச குலத்தைச் சேர்ந்த பரமேஸ்வரா, துமாசிக் என்ற அன்றைய சிங்கப்பூரிலிருந்து துரத்தப்பட்டு வடக்கே வந்தார். ஓர் ஆற்றங்கரையில் அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்துத் தண்ணீரில் தள்ளியதாம். சின்னஞ்சிறு மானுக்கே இவ்வளவு வீரமா என்று வியந்து, அங்கேயே நகரம் அமைக்க முடிவு செய்தாராம். தாம் சாய்ந்திருந்த மரத்தின் பெயரைக் கேட்டபோது, "மலாக்கா மரம்" என்றார்கள். அதுவே ஊருக்குப் பெயராயிற்று என்பது கதை.

அந்த மலாக்கா மரம் எது தெரியுமா? நம் பாட்டிமார் ஊறுகாய் போடும் நெல்லிக்காய் இருக்கிறதே, அந்த நெல்லி மரம்தான். வடமொழியில் நெல்லிக்கு ஆமலகம் என்று பெயர். அந்தச் சொல்லே மலாக்கா என்று திரிந்தது என்று கருதுவோர் உண்டு.

இந்த ஊர் எப்படிப் பெருநகரமாயிற்று? காற்றினால்தான். அன்றைய கப்பல்கள் பாய்மரக் கப்பல்கள். தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குக் காற்று சீனத்துக் கப்பல்களைக் கொண்டுவரும். வந்தவர் திரும்பிப் போக வேண்டுமானால் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கத் தோதான இடம், குறுகலான நீரிணையின் கரையிலிருந்த மலாக்கா. பழவேற்காட்டிலிருந்தும் சோழமண்டலக் கரையின் பிற துறைமுகங்களிலிருந்தும் துணி வந்தது. மலுக்குத் தீவுகளிலிருந்து கிராம்பும், பண்டாத் தீவுகளிலிருந்து சாதிக்காயும், சீனத்திலிருந்து பட்டும் பீங்கானும் வந்தன. இந்த ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக, 1512-இல் இங்கு வந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதி வைத்திருக்கிறார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க ஷாபண்டார் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர்.

ஆற்றின் ஒரு கரையில் அரண்மனை. மறுகரையில் வணிகர் குடியிருப்பு. அந்த மறுகரையில்தான் நம்மவரும் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்துச் செட்டிகளும் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கிடங்கு வைத்து, கப்பல் விட்டு, இங்கேயே குடும்பம் நடத்தினார்கள். அரண்மனைக்குள்ளும் நம் இரத்தம் கலந்தது. சுல்தான் மாமுட் ஷாவின் முதலமைச்சராக, அதாவது பெண்டஹாராவாக இருந்த துன் முத்தாகிர், தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர்.

அவருடைய முடிவு நாம் யோசிக்க வேண்டிய ஒன்று. 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் அதை விரிவாகச் சொல்கிறது. நைனா சூரா தேவனா, ராஜா முதலியார் என்ற இரு பெரும் வணிகர்களுக்கு இடையே வழக்கு. இருவரும் நம் கரையிலிருந்து வந்த குடியினர். விசாரிக்க வேண்டியவர் பெண்டஹாரா. ஒருவர் இரவோடு இரவாகப் பொன்னைக் கொண்டுபோய்ப் பெண்டஹாராவிடம் கொடுத்தார். அதை அறிந்த மற்றவர், எதிராளி தம்மைக் கொல்ல வழி தேடுகிறார் என்று அஞ்சி, கடற்படைத் தலைவரிடம் போய், பெண்டஹாரா அரசைக் கவிழ்க்கச் சதி செய்வதாகக் கோள் சொன்னார். சுல்தான் நம்பிவிட்டார். 1510-இல் பெண்டஹாராவுக்கு மரண தண்டனை நிறைவேறியது. அடுத்த ஆண்டே நகரம் அந்நியர் கையில் விழுந்தது. பகையும் கோளும் ஓர் ஊரை உள்ளிருந்தே அரித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1511-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அல்புகெர்க் என்ற போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைப் பிடித்தார். பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இங்கும் நம்மவர் ஒருவர் வருகிறார். நைனா சாட்டு என்ற இந்து வணிகர், அதற்கு முன்னர் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவி செய்தவர். அதற்குக் கைம்மாறாக அவரை அல்புகெர்க் உயர் பதவியில் அமர்த்தினார். ஆனால் 1514-இல் அந்தப் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்க முடிவாயிற்று. அந்த அவமானம் தாங்காமல், நைனா சாட்டு சிதை அடுக்கித் தீயில் இறங்கி உயிர் விட்டார் என்று போர்த்துக்கீசிய நூல்கள் கூறுகின்றன. வரலாறு என்றால் நமக்குப் பெருமை தருவது மட்டுமே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு 1641-இல் டச்சுக்காரர்கள் ஜொகூரின் துணையோடு மலாக்காவைப் பிடித்தார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். நடுவில் சில ஆண்டுகள் டச்சுக்காரரிடம் திரும்பிப் போய், 1824 உடன்படிக்கைக்குப் பின் மலாக்கா ஆங்கிலேயருடையதாகவே ஆயிற்று. 1807-இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் காட்சியை எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர்; அரபு, தமிழ் வழி வந்த குடும்பம்; தமிழும் கற்றவர். நவீன மலாய் எழுத்தின் தந்தை என்று இன்று போற்றப்படுகிறார். கோட்டை போய், எங்கள் மாணவன் அண்ணாந்து பார்த்த அந்த ஒரு வாயில் மட்டும் மிஞ்சியது.

நேயர்களே, உலகின் மறுகோடியில் மத்திய அமெரிக்காவில் நம் மலாக்காவைப் போலவே ஒரு தலைநகரம் உண்டு. அதன் பெயர் பனாமா. 1519-இல் ஸ்பானியர் அமைத்த ஊர் அது. இங்கே குறுகிய கடல். அங்கே இரு கடல்களுக்கு நடுவே குறுகிய நிலம். பெரு நாட்டு வெள்ளியெல்லாம் பனாமாவில் இறங்கி, கோவேறு கழுதைகளின் முதுகில் மறு கடற்கரைக்குப் போயிற்று. செல்வம் சேர்ந்த இடத்திற்குக் கொள்ளைக்காரன் வருவான் அல்லவா? 1671-இல் ஹென்றி மார்கன் என்பவன் படையோடு வந்தான். ஊர் எரிந்து அழிந்தது. மக்கள் சில கிலோமீட்டர் தள்ளி, 1673-இல் புதிய நகரம் அமைத்துக்கொண்டார்கள். பனாமாவில் ஊர் இடம் மாறியது. மலாக்காவில் ஊர் அப்படியே இருக்க, வாணிகம் இடம் மாறியது. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கிலும், 1819-இல் சிங்கப்பூரிலும் குடியேறிய பின், கப்பல்கள் அங்கே போயின. மலாக்காவின் ஆற்று முகத்தில் சேறு தங்கியது.

சரி, கோட்டை போயிற்று, கப்பல் போயிற்று. என்னதான் மிஞ்சியது? கோயில் மிஞ்சியது. துக்காங் எமாஸ் சாலையில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. 1781-இல், டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில், தைவநாயகம் செட்டி என்ற சமூகத் தலைவரின் முயற்சியால் எழுந்தது. அடுத்தாற்போல் 1748-இல் இந்திய முஸ்லிம்கள் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். சற்றுத் தள்ளிச் சீனரின் செங் ஹூன் தெங் கோயில். மூன்றிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. 2008-இல் மலாக்காவை யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்தபோது, இந்தத் தெருக்களையும் சேர்த்துத்தான் அறிவித்தது.

மக்களும் மிஞ்சினார்கள். காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கிறார்கள். அந்தப் பழைய வணிகரின் வழிவந்தவர்கள் இவர்கள். பேச்சு மலாய், பெண்களின் உடை கெபாயா, சமையலில் பெலாச்சான். ஆனால் வழிபாடு இந்து முறைதான். பொங்கலுக்கு முன் முன்னோருக்குப் படையல் போடுவதை இன்றும் விடவில்லை. தமிழ் நாக்கிலிருந்து போய்விட்டது. வழிபாடும் முன்னோர் நினைவும் போகவில்லை. அவர்களைப் பார்த்து நாம் குறை சொல்வதற்கில்லை. இத்தனை ஆட்சிகளுக்கு நடுவே எதைக் காக்க முடிந்ததோ அதைக் காத்தார்கள். நம் கையில் இன்னும் மொழியும் இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது. நாம் எதைக் காக்கப் போகிறோம் என்பதே கேள்வி.

நம் தோட்டங்களின் கதையும் இந்த மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிகத்திற்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பிறகு புக்கிட் அசாஹான் உருவாயிற்று. காடு வெட்டவும், கன்று நடவும், பால் வெட்டவும் கங்காணிமார் கூட்டி வந்தவர்கள்தாம் நம் பாட்டன் பூட்டன்மார். ஆகவே நம்மவர் இந்த மண்ணுக்கு இருமுறை வந்தார்கள். முதலில் துணி மூட்டையோடு வந்தார்கள். பிறகு பால் வாளி தூக்க வந்தார்கள். 1956 பிப்ரவரி 20-ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் மலாக்காத் திடலில் சுதந்திர நாளை அறிவித்தார். அந்த நாட்டை எழுப்பிய உழைப்பில் பால்வெட்டிய கைகளும் உண்டு.

ஆனால் ஒரு வருத்தம். செட்டிகளின் கோயிலுக்கு ஆண்டு தெரிகிறது, கட்டியவர் பெயர் தெரிகிறது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலை யார் கட்டினார்கள், எந்த ஆண்டில் என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? நாங்கள் முன்பு படிப்பித்த ஒரு தோட்டம் முதலில் செம்பனை ஆயிற்று; பிறகு வீடமைப்புப் பகுதி ஆயிற்று. லயமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. பள்ளியின் பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. நூறாண்டு வாழ்ந்த இடம், எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போய்விட்டது.

ஆகவே இந்தப் பேச்சைக் கேட்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நான்கு விஷயங்கள் எழுதுங்கள். முதலாவது, நம் குடும்பத்தில் யார், தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தார். இரண்டாவது, எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் வந்தார். 'ரஜூலா' என்றால் ரஜூலா என்று எழுதுங்கள். மூன்றாவது, எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார். நான்காவது, தோட்டத்துக் கோயிலையும் பள்ளியையும் தொடங்கியவர் யார். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.

"நம்ம ஆளுங்க எங்கே இருந்தாங்க?" என்று கேட்ட அந்த மாணவனுக்கு மலாக்கா நகரின் கதையை நாம் சொல்லிவிட்டோம். அவன் தாத்தாவின் கதையை அவன் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.