திரும்ப வருமா, டாக்டர்?

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், அறுவை சிகிச்சை நிபுணரான முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உடல்நலம் பற்றி ஏதாவது பேசு" என்றுதான் செயலாளர் சொன்னார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்தேன். காபி குடிக்கும் இடத்தில் மூன்று நண்பர்கள் தனித்தனியாக என்னை ஓரங்கட்டினார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான். "டேய், அடிவயித்துல ஒண்ணு பிதுங்குது. ஆபரேஷன் பண்ணிக்கலாமா? பண்ணினா திரும்ப வருமா?" தலைப்பு கிடைத்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்குப்படி, நூறு ஆண்களில் 27 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். பெண்களில் 3 பேர்.

ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றால் என்ன? சைக்கிள் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். டயர் ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளே இருக்கும் ட்யூப் அந்த வழியாகப் பிதுங்கும். வயிற்றுச் சுவர்தான் டயர். குடலும் கொழுப்பும் ட்யூப். தொடையிடுக்கும் தொப்புளும் இயற்கையாகவே பலவீனமான இடங்கள். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அது நாங்கள், அதாவது டாக்டர்கள், ஏற்கெனவே கத்தி வைத்துத் தைத்த இடம். பழைய தழும்பின் வழியாக வரும் இந்த ஹெர்னியாதான் எங்களை அதிகம் தோற்கடிப்பது.

என்னைத் தோற்கடித்த கதையையே சொல்கிறேன். 1992-ல் ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த தழும்பில், தொப்புளுக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவு வீக்கம். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தேன். 1994-ல் திரும்ப வந்தார். மறுபடி தைத்தேன். 1997-ல் மூன்றாவது முறை வந்தபோது வீக்கம் தேங்காய் அளவு இருந்தது. அவர் கோபப்படவில்லை. அமைதியாகக் கேட்டார்: "டாக்டரய்யா, நீங்க தச்சது சரியில்லையா, இல்ல என் ஒடம்பு சரியில்லையா?"

அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில், "இரண்டும்தான் அம்மா" என்பது. இந்த உரை முழுவதும் அந்தப் பதிலின் விளக்கம்தான்.

முதலில் தையல். நைந்த துணியின் இரண்டு ஓரத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தால் என்ன ஆகும்? தையல் போட்ட இடத்திலேயே மறுபடி கிழியும். அதனால்தான் கிழிசலுக்கு வலை வைத்து ஒட்டுப்போடும் முறை வந்தது. நெதர்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் வெறும் தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கும், வலை வைத்தவர்களில் 24 பேருக்கும் திரும்ப வந்தது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் பத்தாண்டுக் கணக்கு வெளியிட்டார்கள். தையலில் 63, வலையில் 32. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

வலையைத் தசைக்குப் பின்னால் வைப்பது நல்ல முறை. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் ஒட்டுப் போடுவது மாதிரி. வயிற்றின் அழுத்தமே வலையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

"வலை விலை அதிகமாச்சே" என்பீர்கள். உண்மைதான். இதற்கு வழி காட்டியவர் மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சா என்ற சிறிய ஊரில் பணியாற்றிய டாக்டர் தோங்காவ்ங்கர். கொசுவலைத் துணியைச் சுத்தப்படுத்தி, கிருமி நீக்கி, ஹெர்னியாவுக்கு வைத்தார். 2003-ல் அந்த அனுபவத்தை வெளியிட்டபோது புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. 2016-ல் உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. மலிவு வலை வைத்தவர்களில் ஓராண்டில் ஒரே ஒருவருக்குத்தான் ஹெர்னியா திரும்ப வந்தது. விலை உயர்ந்த வலையில் ஒருவருக்கும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். (வீட்டுக் கொசுவலையைக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடாதீர்கள். கிருமி நீக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.)

இன்னொன்று, முதல் ஆபரேஷனிலேயே வயிற்றை மூடும் விதம். அவசரம் அவசரமாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டு மூடுவதுதான் எங்கள் காலத்துப் பழக்கம். 2015-ல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வு, அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு தையல் போட்டுப் பார்த்தது. ஓராண்டில் தழும்பு ஹெர்னியா வந்தவர்கள் நூற்றுக்கு 21-லிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். கூடுதலாகச் செலவானது சில நிமிடங்கள்தான். மருத்துவம் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வலை வைத்தும் பத்தாண்டில் 32 பேருக்கு ஏன் திரும்ப வந்தது? இங்கேதான் அந்த அம்மாவின் கேள்வியின் இரண்டாம் பாதி வருகிறது.

அவருக்கு இருமல் இருந்தது. வருடக்கணக்காக விறகு அடுப்புப் புகை. ஒவ்வொரு இருமலும் உள்ளேயிருந்து தையலைக் குத்துகிறது. இரண்டு முறை வயிற்றைத் திறந்த நான், ஒரு முறைகூட "இருமல் இருக்கா அம்மா?" என்று கேட்கவில்லை. வயிற்றை மட்டும் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

நண்பர்களே, உங்கள் பட்டியலைச் சொல்கிறேன். பீடி, சிகரெட் இருந்தால் ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். புகை, புண் ஆறுவதைக் கெடுக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8-க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். புண்ணில் சீழ் வைத்தால் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. தொப்பை இருந்தால் எடையைக் குறையுங்கள். கனடாவில் ஹெர்னியாவுக்கென்றே இருக்கும் ஷோல்டைஸ் மருத்துவமனையில், எடை அதிகமானவர்களைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லித்தான் ஆபரேஷன் செய்கிறார்கள். மலச்சிக்கல், புராஸ்டேட் வீக்கத்தால் முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, தீராத இருமல், இவற்றுக்கு முதலில் வைத்தியம் பாருங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

"அப்போ அவசரமில்லையா?" என்று கேட்பீர்கள். வலி இல்லாத ஆண்களின் தொடையிடுக்கு ஹெர்னியாவில் கொஞ்சம் பொறுக்கலாம். அமெரிக்காவில் 720 ஆண்களிடம் செய்து 2006-ல் வெளியான ஆய்வு, காத்திருப்பதில் ஆபத்து குறைவு என்று காட்டியது. ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுக்குள் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். எனவே காத்திருக்கும் நாளை உடம்பைத் தயார் செய்யப் பயன்படுத்துங்கள். பெண்களுக்குத் தொடையிடுக்கில் வந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அதில் குடல் சிக்கும் ஆபத்து அதிகம்.

ஒன்றை மறக்காதீர்கள். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகவில்லை, வலிக்கிறது, வாந்தி வருகிறது, வாயு பிரியவில்லை என்றால் குடல் சிக்கியிருக்கலாம். அப்போது ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுவது எல்லாம் வேண்டாம். அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்கள் பிரசவ, குடும்பக் கட்டுப்பாடு தழும்பில் வந்த வீக்கத்தைச் சேலைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை செய்வார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் சக டாக்டர்களுக்கும் ஒன்று. சுவீடனில் 1992 முதல் ஹெர்னியா ஆபரேஷன்களுக்குப் பதிவேடு வைத்து, யாருக்குத் திரும்ப வந்தது என்று எண்ணுகிறார்கள். அதே 1992-ல் நான் அந்த அம்மாவுக்குத் தைத்துவிட்டு, கணக்கு வைக்காமல், எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். திரும்ப வராத நோயாளியெல்லாம் குணமானவர் அல்ல. வேறு டாக்டரிடம் போனவராகவும் இருக்கலாம். அந்த அம்மா என்னிடமே திரும்ப வந்தது என் பாக்கியம்.

மூன்றாவது முறை நான் அவசரப்படவில்லை. மூன்று மாதம் இருமலுக்கு வைத்தியம் பார்த்தோம். அடுப்படியில் புகை போக வழி செய்யச் சொன்னேன். பிறகு வலை வைத்துத் தைத்தேன். அதன் பிறகு ஆண்டுக்கொரு முறை வரச் சொன்னேன். பல ஆண்டுகள் தவறாமல் வந்தார். தழும்பு அப்படியே கெட்டியாக இருந்தது. ஒரு முறை நாத்தனாரையும் அழைத்து வந்தார். அந்த அம்மாளிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "இருமல் இருக்கா?"

காபி வேளையில் கேட்ட மூன்று நண்பர்களுக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அதில் ஒருவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டியைப் பார்த்தேன். முதல் வைத்தியம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்!