குப்பையைப் பிரிப்போம்; மக்களைப் பிரிக்கோம்

(கூத்தாநல்லூர் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குப்பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் கையில் துடைப்பம் திணிக்கப்படாமல் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆகவே, குப்பையைப் பற்றிப் பேச நம்மினும் உரிமையுடையோர் எவருமிலர்.

நீர் தேங்கிய வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் எழுவதை அனைவரும் கண்டிருக்கிறோம். காற்றுப் புகாத இடத்தில் தழையும் வேரும் அழுகுவதால் பிறக்கும் மீத்தேன் வாயுவே அக்குமிழிகளில் பெரும்பகுதி. எஞ்சிய சோறும் காய்கறித் தோலும் நெகிழிப் பைகளோடு கலந்து குவியும் குப்பைமேட்டின் அடியிலும் அதே வாயு பிறக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது சம எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. உலகில் மனிதச் செயல்களால் வெளிப்படும் மீத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் புகைந்ததை நாடறியும்.

இதனால் நமக்கென்ன? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் டெல்டாவைச் சூறையாடியது. ஒரு புயலுக்கு ஒரே காரணம் கற்பித்தல் சரியன்று. ஆயினும், கடல் வெப்பமடையுந்தோறும் புயலின் வலிமை கூடும் என்பது அறிவியல் முடிவு. காற்று எல்லார்க்கும் பொதுவாக வீசலாம். முதலில் பறப்பது குடிசையின் கூரைதான்.

சாதி தொழிலை மட்டும் பிரிப்பதன்று, தொழிலாளரையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் பிரிப்பது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அதனைக் குப்பைத் தொட்டியில் கண்கூடாகக் காணலாம். கலந்து எறிபவர் ஒருவர். கைவிட்டுப் பிரிப்பவர் வேறொருவர். உடைந்த கண்ணாடியும் ஊசியும் பயன்படுத்திய அணையாடையும் யார் கையில் படுகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு தரும் குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தருவது வீட்டாரின் கடமை என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. எனவே, பிரித்துக் கொடுங்கள் என்று கேட்பது தயவு வேண்டுவதன்று, உரிமை கோருவது.

நாம் செய்யத்தக்கவை எவை? ஈரக் குப்பையைக் கொல்லையிலேயே உரமாக்குங்கள். நம் முன்னோர் எருக்குழி வெட்டினர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் குழியில் நீர் நிற்கும். காற்றுப் புகாமல் அங்கும் மீத்தேன் உண்டாகும். ஆதலால் சற்று மேடான இடத்தில் வைக்கோலும் சருகும் பரப்பி, அதன்மேல் காய்கறிக் கழிவு, சிறிது சாணம் என மாற்றி மாற்றி அடுக்குங்கள். தென்னங்கீற்றால் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். காற்றுப் புகுந்தால் நாற்றமும் குறையும், மீத்தேனும் குறையும், செடிக்கு எருவும் கிடைக்கும். வைக்கோலையும் நெகிழியையும் கொளுத்தாதீர்கள். திருமணத்திலும் துக்க வீட்டிலும் வாழையிலை போதும். நெகிழித் தாளும் குவளையும் தமிழகத்தில் 2019 சனவரி முதல் தடை செய்யப்பட்டவை. கண்ணாடியையும் அணையாடையையும் தனித்தனியே தாளில் பொதிந்து, அடையாளமிட்டுக் கொடுங்கள்.

இளைஞர்களே! நம் தெருவோடு நின்றுவிடாதீர்கள். எல்லாத் தெருக்களுக்கும் சென்று இதனை எடுத்துரையுங்கள். பிரித்து வாங்கிய குப்பை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டப்பட்டால் கேள்வி கேளுங்கள். வண்டி தள்ளும் தொழிலாளியிடம் அன்று, நகராட்சி அலுவலகத்தில். அவருக்குக் கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் கிடைக்கின்றனவா என்றும் அங்கேயே கேளுங்கள்.

தன் குப்பைக்குத் தானே பொறுப்பேற்கும் ஊரில்தான் காற்றும் தூய்மையாகும். மனித மாண்பும் நிலைபெறும்.