விதி மீறாத விண்கலங்கள்



அறிவியல் புனைகதை பற்றிப் பேச அழைத்தீர்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதைகளிலும் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் விண்கலங்கள் எப்படிப் பறக்கின்றன? இயற்கையின் விதிப்படி பறக்கவிட்டால் கதை சப்பென்று போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை மறுக்கத்தான் வந்திருக்கிறேன். விதிதான் கதையைத் தருகிறது என்பது என் கட்சி.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அதன் சண்டைகளை அமைக்க ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைக் காட்சிகளை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கலங்கள் விமானம்போல ஒருபக்கம் சாய்ந்து திரும்புகின்றன. விமானம் அப்படித் திரும்ப முடிவது இறக்கையைத் தாங்கக் காற்று இருப்பதால். காற்றில்லாத வெளியில் எது தாங்கும்? அங்கே எந்திரத்தை அணைத்தாலும் கலம் நிற்காது. அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் எதிர்த்திசையில் உந்தியாக வேண்டும். நானும் அந்தப் படத்தை ரசித்தவன்தான். அது மாயக்கதை, அதன் அழகு வேறு. ஆனால் பின்னால் வந்த எத்தனையோ படைப்புகள் அந்தச் சாய்வையே விண்வெளியின் இலக்கணமாக்கிவிட்டன.

அதில் நாம் இழந்தது என்ன? ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

1965 ஜூன் 3. ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், எட் வைட் என்ற இருவர். அவர்களை மேலே கொண்டுவந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பக்கத்திலேயே மிதக்கிறது. அதை நெருங்கிச் சேர்ந்து பறக்க வேண்டும். மெக்டிவிட் கொரியப் போரில் விமானம் ஓட்டியவர், தேர்ந்த சோதனை விமானி. ராக்கெட்டைக் குறிவைத்து உந்தினார், அது விலகியது. மறுபடி உந்தினார், இன்னும் விலகியது. எரிபொருளில் கிட்டத்தட்டப் பாதி கரைந்தபின் முயற்சியைக் கைவிட்டார்கள்.

ஏன் இப்படி? சுற்றுப்பாதையில் முன்னே போவதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். அங்கே ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம். ஆகவே விரைந்தவன் பின்தங்குகிறான். வேகத்தைக் குறைத்தால் கலம் தாழ்ந்த பாதைக்கு இறங்கும். சுற்று சீக்கிரம் முடியும். மெதுவானவன் எட்டிப் பிடிக்கிறான்! இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ, ஜெமினி 7ஐ ஓரடி நெருக்கத்தில் சென்றடைந்தது. நண்பர்களே, இதைவிட நல்ல திருப்பத்தை எந்தக் கதாசிரியர் யோசித்துவிட முடியும்?

2013இல் வந்த 'கிராவிட்டி' படத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் நாயகி இருட்டில் சுழன்றுகொண்டே போகிறாள், நிறுத்த எதுவுமில்லை. நம் வயிற்றைக் கலக்கும் அந்தப் பயம் விதி தந்த பயம். பிறகு ஓரிடத்தில் தோழன் அவளைக் காப்பாற்றக் கயிற்றை விட்டுவிட்டு விலகிப் போகிறான். அந்த நேரம் இருவரும் கயிற்றில் கட்டுண்டு நின்றுவிட்டார்கள். அவனை இழுத்துச் செல்ல அங்கே எந்த விசையும் இல்லை. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் திரும்பி வந்திருப்பான். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் கேள்வி வந்துவிடுகிறது.

விளையாட்டுகளுக்கு வருவோம். விதிகளைச் சேர்த்தால் ஆட முடியாது என்பார்கள். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' உருவாக்கினார்கள். இன்றைய புகைப்படம் ஒன்றைக்கூட வைக்க இடம் போதாத நினைவகம் அது. அதிலேயே திரையின் நடுவில் ஒரு நட்சத்திரம், அதற்கு ஈர்ப்பு, உந்தினால் நிற்காமல் மிதக்கும் கலங்கள்! 2011இல் வெளியாகத் தொடங்கிய 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' விளையாட்டில், ஒரு கலத்தை இன்னொன்றோடு இணைக்க முயலும் பிள்ளை மெக்டிவிட் பட்ட பாட்டையே படுகிறது. வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி கெப்ளரின் விதியைக் கைவிரலால் கற்றுக்கொள்கிறது.

இந்தக் கணக்கு நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ, ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு சிறு கலங்களை அனுப்பியது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் சுற்றியபடியே, ஜனவரி 12 அன்று 15 மீட்டருக்கும் பிறகு 3 மீட்டருக்கும் நெருங்கின. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தவற்றைப் பின்வாங்க வைத்தார்கள், தரவுகளை ஆராய்ந்தார்கள், 16ஆம் நாள் இணைத்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து அந்தச் சாதனை நம்முடையது. துப்பாக்கி இல்லை, வெடிச்சத்தம் இல்லை. அந்த நான்கு நாள் காத்திருப்பில் ஒரு நாவலே இருக்கிறது.

எழுத்தாளர்களே, கதையைப் பாடநூலாக்கச் சொல்லவில்லை. ஒளியை மிஞ்சும் கலம் வேண்டுமா, தாராளமாகக் கற்பனை செய்யுங்கள். ஆனால் வகுத்த விதிக்கு நீங்களே கட்டுப்படுங்கள். மிச்சமிருக்கும் எரிபொருள் உங்கள் நாயகனை உறுத்தட்டும். வேகமெடுத்தவன் நிறுத்தவும் விலை கொடுக்கட்டும். மாணவர்களே, திரையில் ஒரு கலம் திரும்பினால், அதைத் தள்ளியது எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கதைகளைத் தமிழில் எழுதுங்கள். படிக்க நாங்கள் இருக்கிறோம்.