ஒன்றை ஆழ உழுங்கள், பெயர் முளைக்கும்

(பிரிஞ்சாங்கில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஓர் அம்மா என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். பச்சை மிளகாய் ஊறுகாய். "வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிட்டுப் பாரும்மா" என்றார். வீடு போகும் வரை எனக்குப் பொறுமை இல்லை. ஒப்பனை அறையிலேயே திறந்து விட்டேன். அப்படி ஒரு ருசி! "இன்னொரு பாட்டில் வேண்டுமென்றால் எங்கேம்மா வாங்குவது?" என்று கேட்டேன். "பசார் மாலாமுக்கு வந்து தேடும்மா, அங்கேதான் இருப்பேன்" என்றார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பெயர் இல்லை.

"ஊறுகாய் மட்டும்தான் விற்கிறீர்களா?" என்றேன். "அது எப்படிம்மா கட்டும்? சோளம், கீரை, முறுக்கு, சாவிக்கொத்து, குல்லாய், எல்லாம்தான்" என்றார்.

அன்பர்களே, இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தால் பெயர் நிலைக்கும்?" என்பது. அந்தக் கேள்வியும் பதிலும் அந்த ஒரு பாட்டிலுக்குள்ளேயே இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் சந்தை வரை சாலையோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஸ்ட்ராபெர்ரி, சோளம், தேன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அடுத்த கடையிலும் அதே. அதற்கடுத்த கடையிலும் அதே. எல்லாக் கடையிலும் எல்லாமும் இருந்தால் வாங்க வருகிறவர் எதைப் பார்ப்பார்? விலையைத்தான் பார்ப்பார். ஒருவர் ஒரு வெள்ளி குறைத்தால் பக்கத்துக் கடைக்காரரும் குறைத்தாக வேண்டும். பெயர் இல்லாத பொருளுக்கு விலை மட்டும்தான் அடையாளம்.

தெரிந்த முகம், தெரியாத பெயர்

இதை அடுத்தவர் கதையாக மட்டும் சொல்லவில்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், கொடுத்த நிகழ்ச்சியை எல்லாம் செய்தேன். சமையல், பாடல் விருப்பம், பண்டிகைச் சிறப்பு, மருத்துவக் குறிப்பு, எதையும் விடவில்லை. ஒரு நாள் சந்தையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ டிவியில் வருகிற பிள்ளைதானே?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, "எந்த நிகழ்ச்சிம்மா அது?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். நான்கு நிகழ்ச்சிகள் சொல்லியும் அவருக்கு நினைவு வரவில்லை. முகம் பதிந்திருக்கிறது, பெயர் பதியவில்லை.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பெரியவர்கள் சொன்னது எனக்காகத்தானோ என்று அன்று நினைத்தேன். தோட்டத்துச் சமூகத்தின் கதைகளை மட்டும் எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்த பிறகுதான், "அந்தத் தோட்டத்துக் கதை சொல்லும் பெண்" என்று என்னைத் தேட ஆரம்பித்தார்கள். வாய்ப்புகள் முதலில் குறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இலைக்குப் பெயர் வந்த கதை

இந்த மலையின் கதையையே எடுத்துக் கொள்வோம். 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரசல் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரமே சரியத் தொடங்கிய ஆண்டு அது. அன்று மலாயா என்றால் ஈயம், ரப்பர். தேயிலை என்றால் இலங்கை. ரசல் ஈயமும் பார்த்தார், ரப்பரும் பார்த்தார், பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத் தொழிலிலும் இருந்தார். 1933இல் அவர் காலமானார். அவருடைய தொழில்களில் இன்று வீட்டுக்கு வீடு பெயர் சொல்லப்படுவது எது? ஈயமா? நிலக்கரியா? தேயிலைதான். அதே 1933இல், இந்தியாவிலிருந்து வந்த சுபர்சாத் பன்சால் அகர்வால் என்பவர் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று 'கேமரன் வேலி' என்ற பெயரில் நாம் குடிப்பது அந்த நிறுவனத்தின் தேநீர்தான்.

தேயிலையைக் கொட்டி வைத்தால் இது யார் தோட்டத்து இலை என்று சாதாரண மனிதரால் சொல்ல முடியுமா? முடியாது. வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காய வைத்து, சலித்து, பெட்டியில் பெயரைப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே ருசியைக் கொடுத்தார்கள். ஒரே ருசி, ஒரே பெயர், பல ஆண்டு. இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் 'பிராண்ட்' என்கிறோம்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சரிவுகளில் கூடையைச் சுமந்து, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் பார்த்துப் பார்த்துப் பறித்தவர்கள் நம் பாட்டிமார்கள். எந்த இலை முற்றியது, எந்த மழைக்குப் பிறகு கொழுந்து எப்படி வரும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். பெட்டியின் மேல் அவர்கள் பெயர் இல்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் போட்டவர் பெயர் போட்டுக் கொண்டார். ஆனால் இன்று கொழுந்து வெட்ட இயந்திரம் வந்து விட்டது. தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். பாட்டிக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாமலே போய்விடும் நிலை வந்திருக்கிறது. அந்த அறிவுக்கு நாமே பெயர் வைக்காவிட்டால், அது பெயர் இல்லாமலே முடிந்து விடும்.

மூன்று கேள்விகள்

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன்.

முதல் கேள்வி: இது உங்களுக்கு உள்ளிருந்து தெரியுமா? அதாவது, புத்தகம் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேச முடியுமா? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று யூடியூபில் தொடங்கினார்கள். சமையல் என்பது பெரிய கடல். அதில் அவர்கள் எடுத்துக் கொண்டது ஒரு சிறு மூலை. திறந்த வயல்வெளி, விறகடுப்பு, பெரிய அண்டா, தாத்தாவின் கைப்பக்குவம். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் என்ற பெயரை வாங்கினார்கள். நட்சத்திர ஓட்டல் சமையல்காரரைப் போல் அவர்கள் நடித்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

இரண்டாவது கேள்வி: இதை யாராவது தேடுகிறார்களா? நமக்குப் பிடித்தது மட்டும் போதாது. மற்றவருக்கு ஒரு குறை இருக்க வேண்டும், அதை நாம் தீர்க்க வேண்டும். நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறனை நினைத்துப் பாருங்கள். 1985இல் அவர் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியபோது நம்மில் பலர் கணினியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கணினியில் தமிழ் எழுதுவது ஒரு தொழிலா என்று கேட்டிருப்பார்கள். ஆனால் தமிழில் எழுத முடியவில்லையே என்ற தவிப்பு உலகம் முழுவதும் இருந்தது.

மூன்றாவது கேள்வி: இது வளர இடம் உண்டா? அதே முத்து நெடுமாறன், கணினியில் தொடங்கியதைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டு போனார். 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளியீடு கண்டது. பிறகு வங்காளம், மலையாளம் என்று மற்ற எழுத்துகளுக்கும் அவர் கை நீண்டது. ஆப்பிள் கணினியில் உள்ள சில எழுத்துருக்களின் பெயரோடு 'எம்.என்.' என்று இரண்டு எழுத்துகள் ஒட்டிக் கொண்டிருக்கும். அவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள். வேர் ஒன்றுதான்: எழுத்து. கிளைதான் பல. சாவிக்கொத்தும் குல்லாயும் ஊறுகாயின் கிளை ஆகாது. எலுமிச்சை ஊறுகாய், மிளகாய்த் தொக்கு, ஊறுகாய்க்கேற்ற மிளகாயைத் தோட்டத்திலேயே பயிரிடுவது, இவைதான் கிளை.

நீங்கள் இல்லாத நாளிலும்

இந்த மூன்றுக்கும் மேலே ஒரு சோதனை உண்டு. நீங்கள் இல்லாத நாளிலும் அந்தப் பெயர் நிற்குமா?

அதற்கு உதாரணமும் இந்த மலையிலேயே கிடைக்கிறது. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பேங்காக் நகருக்கு வந்தவர். தாய்லாந்தின் கைத்தறிப் பட்டு அப்போது மங்கிக் கொண்டிருந்தது. அவர் எல்லாத் துணிகளையும் விற்கவில்லை. அந்த ஒரு பட்டைப் பிடித்துக் கொண்டார். பான் குருவா என்ற கால்வாயோரக் குடியிருப்பில் இருந்த நெசவாளர்களை வீட்டிலிருந்தபடியே நெய்யச் சொல்லி, சாயம் போகாத வண்ணங்களைக் கொடுத்து, 1948இல் தாய் பட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1951இல் அமெரிக்காவில் மேடையேறிய 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகத்தின் உடைகளுக்கு அந்தப் பட்டு போனது. உலகமே திரும்பிப் பார்த்தது.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. விடுமுறைக்கு வந்து இங்கே 'மூன்லைட்' பங்களாவில் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே நடந்து போனார். திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி மக்கள் என்று பலரும் காட்டைச் சலித்தார்கள். தடயம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயரில் பட்டு விற்பனை நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது. ஆள் காட்டில் மறைந்தார், பெயர் கடையில் நின்றது. காரணம், பெயர் அவருடைய முகத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. அது அந்தப் பட்டின் தரத்தின் மேல் நின்றது.

இந்த மலையில் என்ன இல்லை?

"எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுக்கும் பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள். தேயிலையின் கதையைத் தமிழில், அதுவும் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளையின் வாயால் கேட்க அவர்களுக்கு ஆசை இருக்காதா? சுற்றுலா வழிகாட்டியாக இருக்க முறையான உரிமம் தேவை. அந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிஞ்சாங்கில் 'டைம் டன்னல்' என்று பழைய கடைச் சாமான்களையும் விளம்பரங்களையும் சேர்த்து வைத்தவர்களைப் பார்க்கக் கட்டணம் கட்டி மக்கள் வந்தார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கூடைக்கும் பழைய படங்களுக்கும் அந்த மதிப்பு இல்லையா?

பெயர் வைத்தால் அதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். சிறு வணிகத்தை எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. ஆனால் அது பெயரைக் காக்கும் வேலி அல்ல. வணிகச் சின்னத்தை மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வெறும் 'கேமரன் ஊறுகாய்' என்று வைத்தால் அதை உங்களுக்கு மட்டும் என்று வாங்குவது கடினம். ஊர்ப் பெயரும் பொருள் பெயரும் எல்லாருக்கும் பொது. உங்களுக்கே உரிய ஒரு சொல்லை அதில் சேருங்கள். உணவுப் பொருள் என்றால், தயாரித்தவர் பெயர், முகவரி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் சட்டப்படி பாட்டிலில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒன்றைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தால், முதல் ஆறு மாதத்திலேயே "இதில் எவ்வளவு வருகிறது?" என்று கேட்காதீர்கள். தேயிலைச் செடிகூட நட்ட அன்றே கொழுந்து தருவதில்லை. வீட்டுச் செலவுக்கு ஒரு வேலை இருக்கட்டும். மாலை இரண்டு மணி நேரம் அந்த ஒன்றுக்காக இருக்கட்டும். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற வியாபாரப் பாடம்.

ஊறுகாய் கொடுத்த அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் சோளத்தையும் குல்லாயையும் நாளைக்கே நிறுத்தச் சொல்லவில்லை. மேசையின் நடுவில் ஊறுகாயை வையுங்கள். உங்கள் பேத்தி அழகாக எழுதுவாள் என்றீர்களே, ஒரு பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். யார் பெயர் என்று கேட்டால், உங்களுக்குச் சமைக்கக் கற்றுக் கொடுத்தவர் பெயரை வையுங்கள். இந்த மலையில் 90 ஆண்டுகளுக்கும் மேலாக நம்மவர்கள் உழைத்திருக்கிறார்கள். அடுத்த முறை நான் பசார் மாலாமுக்கு வரும்போது, முகத்தைத் தேடாமல் அந்தப் பெயரைச் சொல்லியே உங்கள் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும்.