பாசிக்குடாவில் ஒரு காலைப்பொழுது

கீழ்க்கரைக் கடலென்றால் இரைச்சலும் சுழிப்புமே என்று எண்ணுவோர் பலர். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடா அவ்வெண்ணத்தை மாற்றிவிடும். பிறைபோல் வளைந்த குடா அது. வளர்ந்தவர் ஒருவர் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. ஆகவேதான் கல்குடாப் புகையிரத நிலையத்தில் இறங்கியும், வாழைச்சேனையிலிருந்து பஸ் வண்டியிலேறியும் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கே வருகின்றன.

இந்த அமைதி எங்கிருந்து வந்தது? கரையில் நின்று தொலைவில் நோக்கினால் வெண்ணுரைக் கோடொன்று தெரியும். அங்கேதான் முருகைக்கற்பார் நீருக்கடியிற் கிடக்கின்றது. பெருங்கடலின் அலை அதில் மோதித் தன் வலியை இழந்த பின்னரே குடாவினுட் புகுகின்றது. 1998ஆம் ஆண்டிலே கடல்நீர் அளவுக்கு மிஞ்சி வெப்பமுற்றபோது இப்பகுதியின் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மாண்டன. பிள்ளையொன்று முருகைத் துண்டை ஒடித்தெடுக்க முனைந்தால், தந்தையார் அந்த நுரைக்கோட்டைச் சுட்டிக்காட்டுதல் போதும்.

காலமறிந்து செல்லவேண்டும். கார்த்திகை முதல் தை வரை வாடையும் மழையும் குடாவைக் கலக்கும். சித்திரை முதல் ஆவணி வரை நற்காலம். கச்சான் வீசத் தொடங்கினால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும். நீர் கண்ணாடிபோற் கிடக்கும். ஆபத்தும் அங்கேயே ஒளிந்திருக்கின்றது. காற்றடைத்த றப்பர் வளையத்தில் மிதக்கும் சிறுவனை அக்காற்று ஓசையின்றி ஆழத்துக்குத் தள்ளிச் செல்லும். மிதந்தோடும் பந்தைத் துரத்துபவனுக்கும் அதே கதிதான். பந்து போனாற் போகட்டும்.

அலையுள்ள கடலிலே தாய் கண்ணிமையாது பார்க்கிறாள். அலையற்ற கடலிலே சோற்றுப் பொதியை அவிழ்க்கத் திரும்பிவிடுகிறாள். முழங்காலளவு நீரிலும் சிறுகுழந்தை மூழ்கும், கூக்குரலிடாமலே மூழ்கும். பெரியவர்கள் முறைவைத்துக் காவலிருத்தல் வேண்டும். காவலிருப்பவர் கையில் தொலைபேசி இருத்தலாகாது. வெயிலைப்பற்றி அதிகம் சொல்வானேன்? பத்து மணிக்குள் கரையேறிவிடுதல் உடம்புக்கு நல்லது.

அம்மம்மாமார் சிலர் நீரண்டை வருவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடிற்று. அன்று உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் மரநிழலில் இருந்தபடியே பேரப்பிள்ளைகளைப் பார்க்கின்றனர். "ஏன் அம்மம்மா, நீங்க குளிக்க வரமாட்டீங்களா?" என்று, அதன்பின் பிறந்த பிள்ளை கேட்கும். அவரை வற்புறுத்தி இழுத்தல் தகாது. ஆயினும் அக்கேள்வியை விடையின்றி விடுதலும் நன்றன்று. கடல் வழமைக்கு மாறாக ஏறினாலோ, அடிமணல் தெரிய உள்வாங்கினாலோ, துள்ளும் மீனைப் பொறுக்க நில்லாது தரைப்பக்கமாய் மேட்டு நிலத்தை நாடி ஓடவேண்டும். முதலலை வடிந்ததென்று நம்பித் திரும்பலாகாது. இதனைப் பிள்ளைக்குச் சொல்ல அந்த அம்மம்மாவினும் தகுந்தவர் யார்? நிழலிலிருந்தே அவர் சொல்லட்டும். ஈரத்தலையோடு பக்கத்திலிருந்து பிள்ளை கேட்கட்டும்.