நூறு நாளில் இரட்டிப்பு



1998 ஏப்ரலில் அமெரிக்க வணிகத் துறை, மின்னணுப் பொருளாதாரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையப் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமும் அதன் இணையப் பிரிவான யூயூநெட்டும் பாடிவந்த பல்லவி அது. அரசு முத்திரை விழுந்ததும் பத்திரிகைகளும் பங்குச் சந்தை ஆய்வாளர்களும் அதையே ஒப்பித்தார்கள்.

சரிபார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். நூறு நாளில் இரு மடங்கு என்றால் ஓராண்டில் ஏறத்தாழ 12 மடங்கு; மூன்றே ஆண்டில் சுமார் 2,000 மடங்கு. பெரும்பாலான வீடுகளில் டயல்-அப் மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இவ்வளவு தகவல் எங்கிருந்து கிளம்பி யார் வீட்டுக்குப் போனது? ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்துக் கணிதவியலாளர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ இதைத்தான் கேட்டார். சக ஆய்வாளர் காஃப்மனுடன் சேர்ந்து கிடைத்த அளவுகளையெல்லாம் திரட்டினார். போக்குவரத்து இரட்டிப்பாக ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிக்கொண்டிருந்தது. அதற்கு முன், 1995, 1996 வாக்கில் நூறு நாள் வேகம் நிஜமாகவே இருந்தது. வேகம் குறைந்த பிறகும் வாக்கியம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அளந்தது வடத்தின் கொள்ளளவையா, அதில் ஓடும் தகவலையா, யாருடைய வலையில், எந்த மாதத்தில்? அந்த ஒரு வரியில் இதற்கெல்லாம் இடமில்லை.

அந்த வரியை நம்பி மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழை வடங்களில் பெரும்பகுதி, ஒளி பாயாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2002 ஜூலையில் வேர்ல்ட்காம் திவாலானது. அதை வீழ்த்தியது கணக்கு மோசடி. நூறு நாள் கதை அந்த மோசடிக்கு முந்தைய உற்சாகத்தின் எரிபொருள்.

எல்லை சொல்லாத எண்ணுக்கு ஒரு சகோதரன் உண்டு: எல்லை சொல்லாத மென்பொருள் காப்புரிமை. இயோலாஸ் என்ற சிறு நிறுவனத்தின் கதை இதற்குப் பொருத்தம். இணையப் பக்கத்துக்குள்ளேயே ஒரு நிரலை ஓடவிட்டு, பயனரை அதோடு ஊடாட வைக்கும் முறைக்கு 1994 அக்டோபரில் விண்ணப்பம் போனது. 1998-ல் காப்புரிமை கிடைத்தது. உரிமையாளர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், உரிமம் பெற்றது இயோலாஸ். 2003-ல் அந்தக் காப்புரிமையை மீறியதற்காக மைக்ரோசாஃப்ட் 52.1 கோடி டாலர் தர வேண்டும் என்று சிகாகோ ஜூரி தீர்ப்பளித்தது.

இவ்வளவுக்கும், அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த பெய்-யுவான் வெய் என்ற மாணவர் 'வயோலா' என்ற உலாவியை அந்த விண்ணப்பத்துக்கு முன்பே உருவாக்கியிருந்தார். பக்கத்துக்குள் நிரலை ஓடவிடுவதை 1993 மே மாதமே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்களுக்கு இயக்கியும் காட்டியிருந்தார். சிகாகோ வழக்கில் அந்தச் சான்றை ஜூரி கணக்கில் எடுக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. அது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் சொன்னது. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் 2007-ல் சமரசம் செய்துகொண்டது. பிறகு இயோலாஸின் பார்வை கூகுள், அமேசான், யாஹூ பக்கம் திரும்பியது. 2012 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ சாட்சிக் கூண்டில் நின்றார். வெய்யும் சாட்சி சொன்னார். காப்புரிமை செல்லாது என்றது ஜூரி. கோடிகளைக் கேட்ட காகிதத்தைச் சாய்த்ததில், வெய் எழுதிய, 1993 மே தேதியிட்ட நிரல் கோப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரிட்டிஷ் டெலிகாம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1970-களின் தொலைபேசித் தகவல் சேவைக்காக எழுதிய காப்புரிமையைத் தூசு தட்டி, இணையத்தின் ஹைப்பர்லிங்க் எல்லாமே தனது என்று 2000-ல் பிராடிஜி என்ற இணையச் சேவை நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. காப்புரிமை பேசுவது ஒரு மையக் கணினியைப் பற்றி, இணையத்துக்கு அப்படியொரு மையமே இல்லை என்று 2002-ல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அகலமாகத் தெரிந்த கோரிக்கை, வரிவரியாகப் படித்ததும் சுருங்கிப்போனது.

இத்தகைய கோரிக்கைகளுக்கு நம் நாட்டில் ஒரு தடை உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்கான கதவைக் கொஞ்சம் திறந்தது. 2005-ல் நாடாளுமன்றம் மறுபடி சாத்தியது. நல்ல முடிவுதான்.

பட்டம் பெற்று இங்கிருந்து வேலைக்குப் போகும் உங்களில் பலரின் மேசைக்கும் இரண்டு காகிதங்கள் வரும். ஒன்று, 'உற்பத்தித்திறன் பத்து மடங்கு' என்று பளபளக்கும் ஸ்லைடு. எதை, யார், எந்தத் தேதியில், எதோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஸ்லைடை உங்கள் பெயரில் காட்ட மறுத்துவிடுங்கள். மற்றது, உங்களைக் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிடும் காப்புரிமை விண்ணப்பம். அதில் கோரியிருப்பது நீங்கள் உண்மையில் கட்டியதை மட்டும்தானா என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.